கேட் போட்ட நேரம்

இருபத்திரண்டு வருஷம்
எதையும் பிடிக்காமல் நின்றவன் நான்.
மன்னார்குடி – கும்பகோணம் தடம்.
வலங்கைமான் வளைவுகளில்
விரலிடுக்கில் நோட்டு, உள்ளங்கையில் சில்லறை;
பள்ளம் வருமுன்பே
முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

போன ஆவணியில் காதுக்குள் ஏதோ தளர்ந்தது.
அசையாத சிமெண்டுத் தரையில்
சட்டை மாட்டும்போது சாய்ந்தேன்.

பெரியாஸ்பத்திரி சித்தா பிரிவில்
நூருன்னிசா டாக்டர் சூரணத்தோடு
ஒற்றைக்காலையும் எழுதிக்கொடுத்தார்.
தினமும், முப்பது எண்ணும்வரை.
"மரம் மாதிரி நில்லுங்க."
"எந்த மரம்?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"உங்களுக்குத் தெரிஞ்ச மரம்."

எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மரங்கள்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
அந்த அரைமணி யார் கணக்கிலும் வராது.
அமிர்தராஜ் இன்ஜினை அணைத்து
ஸ்டியரிங்மேல் கவிழ்ந்துகொள்வார்.
நான் இறங்கிப் பின்பக்கம் போய்
ஏணியருகே செருப்பைக் கழற்றுவேன்.
வலது பாதம் இடது தொடையில்.
காக்கித் துணி வழுக்கும்.
தோள்பை ஒருபக்கம் இழுக்கும்.
சில்லறைக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

கண்ணை ஒரு புள்ளியில் வைக்கச் சொல்லியிருந்தார்.
பின்கண்ணாடியில் 'அவசர வழி'.
'ழி'யின் சுழியில் வைத்தேன்.
ஆறு, ஏழு, எட்டு.
கால் தரைக்கு வந்துவிட்டது.
மறுபடி. ஏழு.

"என்ன வேண்டுதல்ணே?"
வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு பவுனம்மா.
நடவு வயல் பக்கம் கையைக் காட்டினாள்:
"அது நிக்கிது பாருங்க, அசையாம."
கொக்கு.
அதற்குக் கீழே மீன் இருக்கிறது, பவுனம்மா.
எனக்குக் கீழே ஜல்லி.

பதினாறாம் நாள்
நெல் ஏற்றிய சரக்கு வண்டி.
எப்போதும் பெட்டிகளை எண்ணுவேன்,
அன்று என்னை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பதில் தார் நடுங்கியது.
உள்ளங்கால், கணுக்கால்,
பிறகு அந்தப் பழைய ஆட்டம் மேலேறி வர
முழங்கால் அதை
பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான்.
பதினைந்து.
இருபது.
ஊரே ஓடுகிறது, நான் நிற்கிறேன்.

கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு ஒரு கார்டு
என்னைப் பார்த்தபடியே போனார்.
அவர் கண்ணில் நான்
எவ்வளவு வேகமாய் ஓடியிருப்பேன்,
காக்கி உடுத்த ஒரு மரம்.

கேட்டைத் தூக்கினார்கள். ஹாரன்கள்.
அமிர்தராஜ் கதவைத் தட்டுகிறார்.
இருபத்தேழில் காலை இறக்கி
ஓடிப்போய் ஏறினேன்.

ஒரு டிக்கெட்டைக் கிழித்து,
காசு நானே போட்டு,
பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
பாக்கி 3.