எந்தப் பவுண்

'ஆதாயம்' என்றேன் முதலில்.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஜெகசோதி அசையவில்லை.
'பயன்' என்றேன். 'பெற்றுக்கொண்டது' என்றேன்.
ஒரு சொல்லுக்கு மூன்று சொல் ஆகாது.
மன்னிப்புக் கேட்டு
ஆதாயத்துக்கே திரும்பினேன்.

இல்ஃபோர்டில் ஒரு கராஜ்.
உள்ளே வரி கட்டாத சிகரெட், முகடு வரைக்கும்.
சாவி இவரிடம்.
யாருடைய பெட்டி என்று
இருபத்திரண்டு கிழமையும் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்ததற்குத்தான்
கிழமைக்கு நூற்றைம்பது.
சிறை போன மாசியில் முடிவானது.
இன்று கணக்கு மட்டும்.

அரசுத் தரப்பு எழுந்தது:
ஏய்த்த வரி ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
அத்தனையும் இவர் ஆதாயம்.
குருவித் தலையில் பனங்காய் என்று
எனக்குள் ஒன்று எழும்பி
அப்படியே அமர்ந்தது.
எனக்குச் சொந்த வாய் இல்லை அங்கே.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
கைக்கு வந்தது மூவாயிரத்து முந்நூறு.
வராததைத் திருப்பிக் கேட்டால்
அது மீட்பதல்ல, இரண்டாம் தண்டனை.
இதை மாற்ற ஒரு சொல்லுக்கும் நான் தேடவில்லை.
ஜெகசோதி முதல்முறை மூச்சு விட்டார்.

பிறகு கையிருப்பு.
வங்கியில் நானூற்றுப் பதினொன்று.
பழைய வான், தொள்ளாயிரம்.
அந்த மாதங்களில் ஈட்டிலிருந்து மீட்ட
மனைவியின் தாலிக்கொடி: பதினொரு பவுண்.
ஆக ஆயிரத்து முந்நூற்று இருபத்திரண்டு.
இருப்பதைத்தானே எடுக்கலாம்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
வதனாவின் வாக்குமூலம் என் மேசையில்,
வேறு யாரோ மாற்றியது.
பதினொரு பவுண்.
பிரித்தானியக் காசில் பதினொன்று.
ஒரு சாப்பாட்டுப் பார்சல்.

பின்வரிசையில் அவள் கழுத்தில்
அது சட்டைக்கு மேலே கிடந்தது.
பதினொரு பவுண் தங்கம்,
ஒரு பவுண் எட்டுக் கிராம்.

காலையில் நான் சத்தியம் செய்திருந்தேன்.
எழும்பினேன்.
'மேன்மை தங்கியவரே, ஒரு திருத்தம்.'

முழு மூவாயிரத்து முந்நூறும், மூன்று மாதத்துக்குள்.
விளங்கியதா என்று கேட்டார்கள்.
'ஓம்' என்றார். 'ஆம்' என்று மாற்றினேன்.

ஸ்னேர்ஸ்புரூக் நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு குளம்.
வாத்துகள் கரையேறி வழியை மறித்து நின்றன.
வதனா எட்டி நடந்து வந்தாள்.
'பதினொண்டு எண்டே விட்டிருக்கலாமே, அக்கா.'

வழக்குக்காரருடன் நாங்கள் பேசக் கூடாது.
பேசவில்லை.

பஸ்ஸில் கூலிப் படிவத்தை நிரப்பினேன்.
அரை நாள். தொண்ணூற்றாறு பவுண்.
எந்தப் பவுண் என்று
அதில் ஒருவரும் கேட்பதில்லை.