காம்புக் கணக்கு

கின்காலியின் சாற்றை உறிஞ்சிவிட்டு
மாவுக் காம்பை மட்டும்
தட்டோரம் ஒதுக்குவது திபிலிசி வழக்கம்.
எத்தனை தின்றோம் என்று எண்ணத்தான்.
மக்வாலா பதினொன்று. நான் எட்டு.
ஸாஸா தட்டில் ஒன்றுமே இல்லை,
காம்பையும் விழுங்கிவிட்டு
"ரெண்டோ மூணோ" என்றான்
பில்லைப் பிரிக்கும்போது.

இனிப்பு வீட்டில் இருக்கிறது என்றாள் தெக்லே.
ஆறாவது மாடி.
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்;
சில்லறை ஸாஸாவிடம்தான் இருந்தது.

தேன் கேக் ஓர் இரவு உறங்க வேண்டுமாம்.
இது மத்தியானம்தான் பிறந்தது.
கத்தி பட்டதும் அடுக்குகள் வழுக்கி
மேசைவிரிப்பில் இறங்கின.
தெக்லே முகத்தைப் பார்க்காமல்
ஆளுக்கொரு கரண்டி எடுத்தோம்.

காகிதத்தையும் வழித்து நக்கிவிட்டு
ஸாஸா கேட்டான்:
"கேக் எப்போ வரும்?"