எந்தத் தூசு

மூன்றாம் முறையும் திரும்பி வந்துவிட்டது.
"படைப்பணியால் உண்டானதும் அல்ல,
படைப்பணியால் அதிகரித்ததும் அல்ல."
கூடவே எங்கள் முகவரியில்
எர்ணாவூர் என்பதன் கீழே மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

சரிதான்.
இங்கே காலையில் கொடியில் போட்ட வேட்டி
மத்தியானம் வேறு நிறம்.
மாடித் தொட்டியை மாசாமாசம் கழுவுகிறவள் நான்,
அடியில் என்ன படிகிறதென்று எனக்குத் தெரியாதா?

ஆனால் நாங்கள் இங்கே குடிவந்தது தொண்ணூற்றேழில்.
எண்பத்து நாலிலேயே, ஆரணியில், என் அப்பா வீட்டில்,
கல்யாண லீவின் மூன்றாம் இரவு
விளக்கணைத்ததும் இருமினார்.
பனி ஒத்துக்கலை போல, என்றார் அப்பா மறுநாள்.
அந்த வருஷம் அவர் மலையில்
ரோடு போடப் பாறை துளைத்துக்கொண்டிருந்தார்.
துண்டை நனைத்து மூக்கில் கட்டினால்
ஐந்து நிமிஷத்தில் பலகையாக உறைந்துவிடுமாம்.
அதனால் யாரும் கட்டவில்லை.
ராத்திரி கூடாரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு.
விடிந்து துப்பினால் பனிமேல் கறுப்பு.

பரங்கிமலை ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து
ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும் என்றார்கள்.
அணிவகுப்பில் நிற்பவர்போல விறைத்து நின்று ஊதினார்.
ஊசி பாதிகூட ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்தேன்.
அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு
அவர் விலாவுக்கு நடுவே நின்றது.
கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

மேல்முறையீட்டுப் படிவம், பதினோராம் கேள்வி:
புகைப்பழக்கம் உண்டா?
இதை விட்டுடலாமே, என்றேன்.
"எழு" என்றார்.
நான் எழுந்தே விட்டேன்.
மூச்சு வாங்கிக்கொண்ட பிறகுதான்
"து" வந்தது.
கேன்டீன் சிகரெட், நாளைக்கு நாலு, ஆறு வருஷம்.
எழுதினேன். கை நடுங்கத்தான் செய்தது.

கூட வேலை செய்தவர் சாட்சி வேண்டுமாம்.
நாலு நம்பர் உபயோகத்தில் இல்லை.
ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
ராந்நியில் தங்கச்சன் இருந்தார்.
அவர் மனைவிதான் எடுத்தாள்.
ஊர் முழுக்க ரப்பர், மழை,
புகைக்கூண்டா, அப்படி ஒன்றும் இங்கே இல்லையே
என்று மலையாளத்தில் சிரித்தாள்.
பிறகு அவர் கையில் கொடுத்தாள்.

ஹவில்தார் எத்திராஜுலு பேசறேன், என்று தொடங்கினார் இவர்.
இருமல் வந்துவிட்டது.
அந்தப் பக்கமும்.

இருபது வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்கிற
அதே இருமல்,
நடுவில் சீழ்க்கைபோல ஒரு இழுப்பு,
கடைசியில் இரண்டு சின்னது.
இவர் நிறுத்தினால் அவர், அவர் நிறுத்தினால் இவர்.
இடையில் இருவரும் சிரித்த மாதிரியும் இருந்தது.

சாட்சிக்காக வாங்கிய இருபது ரூபாய் பத்திரம்
என் மடியில்.
பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.