இல்லையெனில்

சிம்மக்கல் மாடியறை, இரவு பதினொன்றரை.
கல்யாணப் பத்திரிகை வார்ப்புரு
நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு ஓடியது,
உசிலம்பட்டி ஒச்சம்மா வீட்டுக்கு மட்டும்
வெள்ளைத் திரையாய் நின்றுவிட்டது.

தப்பு என்னுடையது.
'அப்பாவின் பெயர் காலியா?' என்று
கேட்க வைத்திருந்தேன்.
அப்பாவே இல்லாத இடத்தில்
பெயரை எங்கே போய்த் தேடும் அது?

போன் போட்டேன்.
"காலஞ்சென்ற-ன்னு போடவாக்கா?"
"செத்தாத்தானே தம்பி. திருப்பூருக்குப் போறேன்னு
போன மனுசன்.
அந்த வரியே வேணாம்."

இப்போது முதல் கேள்வி, 'அப்பா உண்டா?'
பெயரெல்லாம் அதற்குப் பிறகு.
'இல்லையெனில்' என்பதற்குக் கீழே
ஒன்றும் எழுதவில்லை.

பக்கம் திறந்தது.
ஒச்சம்மா ஒரு வரி மேலேறி
மகள் பெயரை ஒட்டி நின்றாள்.
இடைவெளி தெரிகிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.
கரண்டு போகுமுன் சேமித்தேன்.