தப்பான பக்கம்

வெருலம் மேம்பாலத்தடியில் என் இழுவை வண்டி.
கொக்கியில் துரு.
பதினோரு வருஷமாய் இந்த நிழல்தான் என் கடை;
மேலே கண்ணாடி நொறுங்கினால்
கீழே எனக்குச் சோறு.

சொல்லக் கூசுகிறது. கணக்கு அதுதான்:
வெள்ளி இரவு இரண்டு, சம்பள வாரம் மூன்று,
மழை பெய்தால் எண்ணுவதில்லை.
வலப்பக்கம் திரும்பி நெடுஞ்சாலைக்கு இறங்குகிறவன்
எதிரே வருகிறவனைப் பார்த்து
"இவன் நிற்பான்" என்று நம்புகிற
அந்த ஒரு நொடியில்
என் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருந்தது.

அப்புறம் வந்தாள் இன்ஜினியர் நோக்வாஸி,
பூட்ஸ் நிறையச் செம்மண்.
என் பானெட் மேல் வரைபடத்தை விரித்தாள்.
பாலத்துக்கு முன்னால்
போகிறவனும் வருகிறவனும் பக்கம் மாறிக்கொள்வார்களாம்,
தாண்டியதும் மறுபடி அவரவர் பக்கமாம்.
எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும்
தன் சடையை முன்னால் இழுத்துப் போட்டுக் காட்டினாள்:
"இப்படித்தான். ஒன்றுக்கொன்று மோதுகிறதா பார்."

"எல்லாரையும் தப்பான பக்கத்தில் ஓட்டச் சொல்கிறாயா?"
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
மறுநாளே ஃபீனிக்ஸில் கடன் வாங்கி
இரண்டாவது வண்டிக்கு முன்பணம் கட்டினேன்.

திறந்த அன்று
மைத்துனன் பூபாலனோடு காத்திருந்தோம்,
இரண்டு என்ஜினும் உறுமிக்கொண்டு.
எல்லாருக்கும் பயம்.
பயத்தில் எல்லாரும் மெதுவாக வந்தார்கள்.
ரோபோட் சிவப்பானாலும் பச்சையானாலும்
ஒரே வேகத்தில் போகிற டாக்ஸிக்காரன்கூட
அந்த வளைவில் பிரேக்கைத் தொட்டான்.
பிறகு, வலப்பக்கம் திரும்புகிறவன்
யார் குறுக்கேயும் போகாமல்,
யாரையும் நம்பத் தேவையில்லாமல்,
நழுவி இறங்கினான் நெடுஞ்சாலைக்கு;
பின்னாலேயே கரும்பு லாரி.

பூபாலன் ஆறு மணிக்கு என்ஜினை அணைத்தான்.

ஏழு மாதத்தில் ஒன்றே ஒன்று:
குடித்தவன் ஒருத்தன் தூணை உரசினான்.
பக்கக் கண்ணாடி போயிற்று.
அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாவது வண்டியில் இப்போது
"விற்பனைக்கு" என்று எழுதியிருக்கிறது.
நோக்வாஸி எப்போதாவது ஹாரன் அடித்துவிட்டுப் போவாள்.
பதிலுக்கு அடிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

நேற்று சாயங்காலம் கோவாஷ்னி
பின்கண்ணாடியில் சிவப்பு எல் ஒட்டி
முதல் தடவை அந்தப் பாலம் ஏறினாள்.
பக்கத்து இருக்கையில் அவள் அம்மா.
கியர் நறநறவென்று கடிபடுவது
கீழே எனக்குக் கேட்டது.
மகள் தப்பான பக்கத்துக்கு மாறுகிறாள்.

ரேடியோவை அணைத்துவிட்டு நின்றேன்,
கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு,
வியாபாரம் ஆகிவிடக் கூடாதே என்று.