அடிக்கோடு

கேத்தியில் விடியுமுன்பே
கேரட் பாத்தியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.
உப்புக் கொட்டினாப்பல, என்றான் சின்னவன்.
உப்பாயிருந்தால் கிலோவுக்கு இருபதாவது தேறும்.

நேற்றிரவுதான்
காலண்டர் தாளின் முதுகில்
சிலிண்டர், பால், சீட்டு எல்லாம் கழித்து
மிச்சம் நானூற்றுப் பத்து என்று
அடிக்கோடு போட்டிருந்தேன்,
அவன் சுவெட்டருக்கு.

வெயில் ஏறுமுன் நீர் தெளித்தால்
பாதிப் பயிராவது தப்பும்.
மோட்டார் டீசல் கேட்டது.
இவர் என் முகத்தைப் பார்க்காமல்
கேனை மட்டும் நீட்டினார்.

கொடுத்தேன்.
பத்து ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சின்னவன் பள்ளிக்குப் போகிறான்
என் பழைய சுவெட்டரில்,
கையை இரண்டு மடிப்பு மடித்து.
ஒரு மடிப்பு அடுத்த டிசம்பருக்கு,
இன்னொன்று அதற்கடுத்ததற்கு.
எனக்கா?
அடுப்புப் பக்கம் வேலை கிடக்கிறது, நிறைய.