பிழைப் பட்டியல்: மொய்னாக், ஏழாம் வகுப்பு

நூகுஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம்.
என் பையில் ஒன்பது டேப்லெட்டுகள்,
அவற்றுக்குள் ஒரு கடல்.

சமூக அறிவியல், இரண்டாம் பாடவேளை.
மேட்டுக்குக் கீழே
துருப்பிடித்த படகுகளின் நடுவில்
பிள்ளைகளை நிற்கவைத்து
1960ஐத் தொடச் சொன்னேன்.

வந்தது தண்ணீர்.
மணல் மேல், முட்புதர் மேல்,
யார் வீட்டதோ ஒரு பசுவின் மேல்.
பசு அசைபோடுவதை நிறுத்தவில்லை.
அதன் விலாவில் நுழைந்த மீன்
மறுபக்கம் வெளியே வந்தது.
பிழை ஒன்று, குறித்துக்கொண்டேன்.

"இந்த மீனுக்கு நம்ம மொழியில என்ன பேரு?"
பெர்தெபாய் கேட்டான்.
நிரலில் நான் எழுதியிருந்தது
மீன் நான்கு.
பிழை இரண்டு.

சர்பினாஸ் ஓசைப்படாமல் குனிந்து
கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள்.
யாரும் சிரிக்கவில்லை.

அலைக்கு உயரம் கொடுத்திருந்தேன், வேகம் கொடுத்திருந்தேன்,
வெயில் பட்டால் மினுங்கவும் பழக்கியிருந்தேன்.
ஈரத்துக்கு என்ன செய்வது?
அவள் காலைப் பார்த்தபடி
எண் போடாமல் விட்டேன்.

ஆண்டுகளை விரலால் தள்ளினார்கள்.
எழுபது. எண்பது.
கடன் கேட்டவரைக் கண்டதும்
தெருமாறிப் போகிறவரைப் போல
கடல் போனது.

"ஆறு எங்கே?" என்றொரு பொத்தான் உண்டு.
குல்சானெம் டீச்சர் அதை அழுத்தச் சொன்னார்.
அமு தரியாவின் நீல அம்புகள்
வாய்க்கால் வாய்க்காலாய்ப் பிரிந்து
வெள்ளைப் புள்ளிகளில் போய் முடிந்தன.
பருத்தி.

சர்பினாஸ் தன் சீருடையின் கைநுனியை
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு இல்ல" என்றாள்,
டீச்சரிடம் அல்ல, என்னிடம்.

ஜல்காஸ் ஆண்டுக் கோட்டை
இன்னும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.
"சிக்கிக்கிச்சு, அண்ணா."
சிக்கவில்லை, அவ்வளவுதான் தரவு.
அதைச் சொல்வதற்குள் மணியடித்தது.
சுருட்டியதைப் பிரித்தபோது
மடிப்பிலிருந்து மணல் கொட்டியது.

பசுவை ஒரே இரவில் சரிசெய்துவிட்டேன்.
இப்போது மீன்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

வியாழக்கிழமை டீச்சர் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினார்.
வீடு வீடாகக் கேட்டு எழுதிய மீன் பெயர்கள்,
பதினொன்று.
ஆறாவது மீனுக்கு மட்டும் இரண்டு பெயர்.
இரண்டு வீட்டாரும்
விட்டுக்கொடுக்க மாட்டோம் என்கிறார்களாம்.